3,000 ரூபாய்க்குள் ஆபீஸில் கிறிஸ்துமஸ் அலங்காரம்: தெரிந்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

உப்பளக்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 26 பேர் வேலை செய்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முன்னறையை அலங்கரிக்கச் சொல்லி மேனேஜர் சார் 3,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் கிடையாது.

அறை ஏறக்குறைய 20க்கு 14 அடி. தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. மேலே ஃபால்ஸ் சீலிங். வாடகைக் கட்டடம் என்பதால் ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் பெயின்ட் உரியக் கூடாது. கடைத்தெருவில் விசாரித்தேன். பார்க்க நன்றாக இருக்கிற ஆறடி பிளாஸ்டிக் மரம் வாங்கினால் பாதிப் பணத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். அப்புறம் அதில் தொங்கவிட ஒன்றும் வாங்க முடியாது. ஜிகினாத் தோரணம் மலிவுதான், ஆனால் அதை மட்டும் கட்டினால் பிறந்தநாள் பார்ட்டிக்குக் கட்டியது போலத்தான் இருக்கும்.

நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் இதே ஊரில் வளர்ந்தவள். டிசம்பர் பிறந்தால் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவள். ஏனோதானோ என்று செய்து முடிக்க மனசு வரவில்லை.

பாளை_அக்கா:
முதலில் அந்த பிளாஸ்டிக் மரத்தை மறந்துவிடு தங்கச்சி.

3,000 ரூபாயை அறை முழுக்கப் பரப்பினால் எங்கேயும் தெரியாது. கதவைத் திறந்து உள்ளே வருகிறவர் கண் முதலில் எங்கே போகிறதோ அந்த ஒரு மூலையைப் பிடி. உழைப்பு எல்லாம் அங்கே போகட்டும். கண்ணாடிப் பக்கம் ஒரு பெரிய ஸ்டார் தொங்கட்டும். மற்ற சுவர்களைத் தொடாதே. நிறமும் இரண்டோடு நிறுத்திக்கொள். சிவப்பும் ஓலை நிறமும் போதும். கடையில் பார்க்கிற நீலம், ஊதா, ரோஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்று வாங்கினால் பணம் போனதுதான் மிச்சம்.

கோடவுன்_சூப்பர்வைசர்:
கிளியரிங் ஆபீஸில் இருந்துகொண்டு மரத்துக்கு அலைகிறீர்களே அக்கா! உங்கள் கோடவுனில் சரக்கு அடுக்குகிற மரத்தட்டு, அதுதான் பேலட், காலியாக எத்தனை கிடக்கும்? ஒன்றை எடுத்துச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்துங்கள். சாயாமல் இருக்கக் கீழே மணல் மூட்டை. கயிற்றுக் கடையில் தேங்காய் நார்க் கயிறு வாங்கி, மேலே ஒரு புள்ளியில் ஆரம்பித்து, கீழே வர வர அகலமாக இடமும் வலமுமாக வளைத்துக் கட்டினால் மரத்தின் உருவம் வந்துவிடும். அந்தக் கயிற்றிலேயே சின்னச் சின்னப் பொருள்களைத் தொங்கவிடலாம். அட்டைப்பெட்டி, சாக்கு, பேக்கிங்கில் வருகிற தெர்மோகோல் எல்லாம் காசில்லாமல் உங்கள் இடத்திலேயே கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு வாயு அடித்தது. அதை மூடிய ஏ.சி. அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம்.

உப்பளக்காற்று:
அண்ணே, இது ரொம்ப நல்ல யோசனை! தினமும் பேலட்டைத் தாண்டித்தான் போகிறேன், தோன்றவே இல்லை. நாளைக்கே முத்திரை பார்க்கிறேன்.

கோவில்பட்டி_தம்பி:
பேலட் மரத்துக்கு அடியில் கல் உப்பைப் பரப்பினால் பனி போல இருக்கும். உங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்?

ஒயர்மேன்_முருகன்குறிச்சி:
தம்பி, உப்பு வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நேரம், காற்றெல்லாம் ஈரம். உப்பு அந்த ஈரத்தை இழுத்து ரெண்டே நாளில் தண்ணீர் விட ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒயர், பிளக் பாயின்ட் இருந்தால் துரு பிடிக்கும், ஷாக்குக்கும் வழி. வெள்ளை வேண்டுமென்றால் பஞ்சு வையுங்கள். ஆனால் பஞ்சு பல்பு, ஒயரை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும், எளிதில் தீப்பிடிக்கிற பொருள் அது.

குடில்கட்டி:
தங்கச்சி, எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பனிமய மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்களில் சின்ன வயதிலிருந்து குடில், அதாவது இயேசு பிறந்த மாட்டுக் கொட்டகைக் காட்சி, கட்டுகிறேன். உங்கள் மூலைக்குக் குடில்தான் வேண்டும் என்று சொல்வேன். மரம் இல்லாமல் இருக்கலாம், குடில் இல்லாத கிறிஸ்துமஸ் எனக்கு முழுசாகாது.

செலவைப் பற்றி பயப்படாதீர்கள். முதன்முதலில் குடில் காட்சி வைத்தது 1223-ல், இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில், அசிசி பிரான்சிஸ். வைக்கோலும் ஒரு மாடும் கழுதையும்தான் வைத்தார். ஆகக் குடில் என்பது தொடக்கத்திலிருந்தே ஏழையின் கைவேலை.

செய்யும் முறை சொல்கிறேன். பழைய மேஜை ஒன்றைச் சாக்கால் மூடுங்கள். நாலு கம்பு நட்டு மேலே தென்னங்கீற்று, அதன் மேல் வைக்கோல். பின்பக்கம் மலை வேண்டும். பார்சலுக்குச் சுற்றுகிற பிரவுன் பேப்பரை நன்றாகக் கசக்கி, கொஞ்சம் விரித்து, காலி அட்டைப்பெட்டிகள் மேல் போர்த்துங்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பாறையாகத் தெரியும். கறுப்புச் சாயத்தைத் தண்ணியாகக் கரைத்து அங்கங்கே தடவினால் இன்னும் நன்றாக இருக்கும். தரைக்கு மரத்தூள். மர அறுவை மில்லில் ஒரு பை கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பச்சைச் சாயப்பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பிசறி, நிழலில் காயவைத்துப் பரப்புங்கள்.

இதையெல்லாம்விட அழகான ஒன்று இருக்கிறது. தட்டையான தட்டுகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதையுங்கள். தினம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஊசி ஊசியாகப் பச்சைப் பயிர் எழும்பி நிற்கும். அதைக் குடிலைச் சுற்றி வைத்தால் வயல். முளைப்பாரி போட்டுப் பழகியவர்கள் உங்கள் ஆபீஸில் யாராவது இருப்பார்கள், அவர்களிடம் ஒப்படையுங்கள். நேரம் போதவில்லை என்றால் வெந்தயம் போடுங்கள், அது நாலைந்து நாளில் வந்துவிடும்.

சுரூபங்கள், அதாவது மாதா, சூசையப்பர், பாலன், ராஜாக்கள் பொம்மைகள்தான் விலை. அதைப் புதிதாக வாங்க வேண்டாம். உங்களுடன் வேலை பார்க்கிற கத்தோலிக்கர் வீடுகளில் பழைய செட் பரணில் கட்டாயம் இருக்கும். பெரிய செட் வாங்கியதும் சின்ன செட்டை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

நாசரேத்_டீச்சர்:
அண்ணாச்சி சொல்கிற குடில் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சி.எஸ்.ஐ. பக்கம் ஸ்டாரும், வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனியும்தான் கிறிஸ்துமஸ். குடில் கோயிலிலும் வைப்பது குறைவு. அலுவலகம் என்பது எல்லோருக்கும் பொதுவான இடம். சுரூபம் வைத்துவிட்டால் அது ஒரு வழிபாட்டு இடம் போல ஆகிவிடாதா? ஸ்டார், மரம், விளக்கு இவற்றோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நெருடல் இருக்காது.

குடில்கட்டி:
டீச்சரம்மா, அதே ஆபீஸில் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் லாரிக்கும் பொட்டு வைத்துப் பொரி கடலை கொடுக்கிறார்கள். நானும் முப்பது வருஷம் அதை வாங்கிச் சாப்பிட்டவன்தான். ஒருத்தர் பண்டிகையில் இன்னொருத்தர் கைகொடுப்பது நம் ஊரில் புதிது இல்லை. குடிலை யாரும் கும்பிட வேண்டிய கட்டாயம் இல்லை, பார்த்துச் சந்தோஷப்பட்டால் போதும்.

பாளை_அக்கா:
ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அண்ணாச்சி பக்கம்தான் சாய்வு, ஆனால் முடிவெடுக்க வேண்டியது அந்த 26 பேர். தங்கச்சி, எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதே. பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறவர்களில் பலர் ஸ்டார், மரம், குடில் எதுவும் வைக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸையே கொண்டாடாதவர்களும் உண்டு. "நீங்கள்தானே கிறிஸ்டியன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் தலையில் பொறுப்பைக் கட்டினால் பாவம், மறுக்கவும் முடியாமல் செய்யவும் முடியாமல் தவிப்பார்கள். விருப்பம் உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொள்.

உப்பளக்காற்று:
அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். எங்கள் டாக்குமென்டேஷன் பிரிவில் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம்தான் முதலில் கேட்கலாம் என்று இருந்தேன். இப்போது பொதுவாகக் கேட்டேன்; பதினோரு பேர் தாங்களாகவே வந்தார்கள். குடில் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த அண்ணனும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் வேலையில் சேர மாட்டேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். சரிதான்.

சுரூபமும் கிடைத்துவிட்டது. எங்கள் ஆபீஸ் டிரைவர் அண்ணன் வீட்டில் சின்ன செட் இருக்கிறதாம். ஒரு ராஜாவும் ரெண்டு ஆடும் மட்டும் உடைந்திருக்கிறது என்றார். எங்கள் வீட்டுக் கொலுவில் ஆடு மாடு பொம்மைகள் நிறைய இருக்கின்றன. அதைக் கொண்டுவரலாமா? தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களே?

குடில்கட்டி:
தாராளமாகக் கொண்டுவாம்மா. குடிலைச் சுற்றிக் கிராமம் அமைக்கும்போது கிணறு, தண்ணீர் தூக்குகிற பெண், மளிகைக் கடை எல்லாம் வைப்போம். கொலுவில் இருக்கிற செட்டியார் கடை பொம்மையை வைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். சாமி பொம்மைகளை மட்டும் வீட்டில் விட்டுவிடு. அது உங்கள் மரியாதைக்கும் நல்லது, இவர்கள் மரியாதைக்கும் நல்லது.

பாலனைத் தேடி வந்த ராஜாக்கள் குடிலுக்கு வந்துசேர்கிற திருநாள் ஜனவரி 6. அதுவரை அவர்களைத் தூரத்தில் மலைப் பாதையில் நிறுத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. உடைந்த ராஜாவை ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடலாம், தூரத்தில் நிற்கும்போது ஒட்டுத் தெரியாது. பாலன் இயேசுவை இப்போது வைக்காதே, தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும். கோயிலில் 24-ஆம் தேதி நடுராத்திரிப் பூசையில்தான் பாலனைக் கிடத்துவோம். உங்களுக்கு அந்த நேரம் ஆபீஸ் இருக்காது, 24 மாலை கிளம்பும் முன் வைத்துவிட்டுப் போங்கள்.

சிவகாசி_அச்சகம்:
காகிதத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். டிசம்பரில் எல்லா ஆபீஸிலும் பழைய வருஷத்து மாத காலண்டர் கிழிபடக் காத்திருக்கும். அது வழவழப்பான கனத்த தாள், மடிப்பு கூர்மையாக நிற்கும், மடிப்பு ஸ்டார் செய்ய அதைவிட நல்ல தாள் கிடையாது. தினசரி காலண்டரின் அட்டையை அச்சு வெட்ட வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் தெரிந்தவர்கள் இருந்தால் அச்சகத்தில் ஓரம் வெட்டிய கட்டிங் பேப்பர் எடைக்குக் கேளுங்கள், நல்ல சிவப்பு, தங்க நிறத் துண்டெல்லாம் அதில் வரும்.

மினுமினுப்புப் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். தரையில் கொட்டினால் மாதக்கணக்கில் போகாது, பெருக்குகிற அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

மணப்பாடு_பனை:
எங்கள் ஊர்ப் பக்கம் பனையோலை வேலைக்குப் பேர் போனது. பெட்டி, கொட்டான், சுளகு எல்லாம் பெண்கள் முடைவார்கள். கிறிஸ்துமஸுக்குக் குருத்தோலையில் சின்ன ஸ்டார், மணி, மீன், பூ என்று சொன்னபடி செய்து தருவார்கள். பேலட் மரத்தில் தொங்கவிட பிளாஸ்டிக் பந்து வாங்குகிற காசில் இதை வாங்குங்கள். இரண்டு மூன்று வருஷம் வைத்து எடுக்கலாம், ஓலை பழுத்தாலும் அதற்கு ஒரு நிறம் வரும். சாயம் போட்ட சிவப்பு ஓலையும் கிடைக்கும். பாளை அக்கா சொன்ன ரெண்டு நிறம் அப்படியே பொருந்தும்.

மழையில் நனையாமல் வையுங்கள். நனைந்தால் பூசணம் பிடிக்கும்.

ஒயர்மேன்_முருகன்குறிச்சி:
இனி கரன்ட் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஸ்டார் வீட்டிலேயே கட்டலாம். மூங்கில் சிம்பு ரெண்டடி நீளத்தில் பத்து. அஞ்சு சிம்பை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஸ்டார் வடிவில் நுனிகளைக் கட்டுங்கள். அதே மாதிரி இன்னொன்று. ரெண்டையும் சேர்த்து வைத்து அஞ்சு நுனியையும் கட்டிவிட்டு, உள்ளே சிம்புகள் வெட்டுகிற அஞ்சு இடத்தில் ஆறு அங்குலக் குச்சியை இடையில் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். ஏறக்குறைய ரெண்டடி ஸ்டார் வரும். காற்றாடிக் காகிதம், மைதா பசை. ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள், பல்பு மாட்ட வழி வேண்டும்.

உள்ளே 9 வாட் எல்.இ.டி. பல்பு. அந்தக் காலத்தில் 40, 60 வாட் குண்டு பல்பு போட்டுக் காகிதம் கருகி ஸ்டாரே எரிந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. எல்.இ.டி.யில் அந்தச் சூடு இல்லை. ஆனாலும் பல்பு காகிதத்தில் படாமல் நடுவில் நிற்கட்டும். தினம் எட்டு மணி நேரம் எரிந்தாலும் இருபது நாளைக்கு ஒன்றரை யூனிட்கூட வராது, மேனேஜரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

குடிலுக்குள் 230 வோல்ட் சீரியல் செட்டைக் கொண்டுபோகாதீர்கள். மலிவு செட்டில் ஒயர் மெல்லிசு, எலி கடித்தாலோ மடங்கினாலோ செம்பு வெளியே தெரியும், சுற்றிலும் வைக்கோல். அதற்குப் பதிலாக யூ.எஸ்.பி.யில் எரிகிற செம்புக்கம்பி லைட் இருக்கிறதே, அது 5 வோல்ட்தான். பழைய செல்போன் சார்ஜரில் மாட்டிவிடலாம். சீரியல் செட்டைக் கண்ணாடிப் பக்கம் போடுங்கள். கம்ப்யூட்டருக்கு இருக்கிற யூ.பி.எஸ். லைனில் எதையும் செருகாதீர்கள். ஒயரை முறுக்கி செல்லோடேப் ஒட்டி நீட்ட வேண்டாம், நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. ஆபீஸ் பூட்டும்போது சுவிட்சை அணைக்கிற வேலையை ஒருவர் பேரில் எழுதி வையுங்கள். வாட்ச்மேன் அண்ணனிடமும் சொல்லிவையுங்கள். தீயணைப்பு சிலிண்டரை மரம் மறைக்கக் கூடாது.

உப்பளக்காற்று:
அண்ணே, மேலிருந்து தொங்கவிட என்ன செய்வது? ஆணி அடிக்க முடியாதே.

ஒயர்மேன்_முருகன்குறிச்சி:
ஃபால்ஸ் சீலிங்கில் பலகைகளைத் தாங்குகிற அலுமினியப் பட்டை இருக்கிறதல்லவா, அதில் பைண்டர் கிளிப் மாட்டி நூல் கட்டுங்கள். காகிதம், ஓலை மட்டும் தாங்கும். பெரிய ஸ்டாரைக் கண்ணாடியின் சட்டத்தில் கட்டுங்கள். ஏ.சி. காற்று வருகிற வழியில் எதுவும் வேண்டாம். சுவருக்கு மாஸ்க்கிங் டேப் போதும், டபுள் சைட் டேப் பெயின்ட்டோடு உரிந்து வரும்.

கோவில்பட்டி_தம்பி:
வேறு ஒன்று கேட்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி முழுக்கத் தண்ணீர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எத்தனை பேர் முகாமில் இருந்தார்கள்! இந்த 3,000 ரூபாயை அப்படி யாருக்காவது கொடுக்கலாமே?

குடில்கட்டி:
தம்பி, உன் மனசு நல்ல மனசு. அந்த வருஷம் நாங்கள் குடிலே கட்டவில்லை. கட்ட வைக்கோலும் இல்லை, கட்டுகிற மனமும் இல்லை. வந்த பணம் அரிசியாகவும் பாயாகவும் போனது. அப்படி ஒரு வருஷம் வந்தால் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா வருஷமும் அந்த வருஷம் இல்லை. நாள் முழுக்க பில்லையும் கன்டெய்னரையும் பார்க்கிற மனுஷர்கள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஓலையும் பசையுமாகச் சேர்ந்து வேலை செய்வதும் தேவைதான் என்று நினைக்கிறேன்.

பாளை_அக்கா:
ரெண்டையும் சேர்த்தே செய்யலாம் தம்பி. எங்கள் ஆபீஸில் பேலட்டுக்குப் பதில் காய்ந்த உடைமரக் கிளை வைத்தோம். அதில் தொங்கிய ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பொருள் எழுதியிருந்தது: போர்வை, நோட்டுப் புத்தகம், சோப்பு. விருப்பம் உள்ளவர் அட்டையைக் கழற்றிக்கொண்டு அந்தப் பொருளை வாங்கி வந்து மரத்தடியில் வைத்தார். 23-ஆம் தேதி பக்கத்தில் இருந்த ஒரு இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முன்கூட்டியே அங்கே என்ன தேவை என்று கேட்டு எழுதுங்கள். நாமாக நினைத்துக் கொடுத்தால் எல்லோரும் பிஸ்கட்டே வாங்கி வருவார்கள்.

கோவில்பட்டி_தம்பி:
இது எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா.

உப்பளக்காற்று:
வேலை முடிந்தது! கணக்கு எழுதுகிறேன், அடுத்து யாருக்காவது உதவும்.

சீரியல் செட் நாலு 600. யூ.எஸ்.பி. லைட் ரெண்டு 240. மூங்கில், காற்றாடிக் காகிதம், மைதா, எல்.இ.டி. பல்பும் ஹோல்டரும் 350. ஓலை ஸ்டார் முப்பது 450. கயிறு, நூல், மாஸ்க்கிங் டேப் 200. சாயப்பொடி, கேழ்வரகு 60. மொத்தம் 1,900. பேலட், சாக்கு, அட்டை, காலண்டர், வைக்கோல், சுரூபம், கொலு ஆடுகள் எதற்கும் செலவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆபீஸிலேயே நல்லதாக ஒன்று இருந்தது. மிச்சம் 1,100 ரூபாய்க்கு எல்லோருக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும் பெருக்குகிற அம்மாவுக்கும் சேர்த்து, கேக்கும் மக்ரூனும் சொல்லியிருக்கிறோம். அட்டைகளையும் தொங்கவிட்டோம், ரெண்டாவது நாளே பாதிக்கு மேல் கழற்றிவிட்டார்கள்.

பேலட்டில் ஹெச்.டி. முத்திரை இருந்தது. கேழ்வரகை விதைத்தது எங்கள் லோடுமேன் ஐயா, தினம் காலையில் அவரே வந்து தண்ணீர் தெளிக்கிறார். கஸ்டம்ஸ் வேலையாக வருகிறவர்கள்கூட முதலில் ராஜாக்கள் இன்றைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அண்ணாச்சி, ஒரு சந்தேகம்: எப்போது கழற்ற வேண்டும்?

குடில்கட்டி:
ரொம்ப சந்தோஷம் அம்மா. ஜனவரி 6-ல் ராஜாக்கள் குடிலுக்குள் வந்த பிறகு கழற்றலாம். போகிக்கு முன்னால் இடம் காலியாக இருந்தால் பொங்கலுக்குக் கோலம் போட உங்களுக்கும் வசதி. கேழ்வரகுப் பயிரை ஆடு வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடு. மரத்தூளைச் சலித்து மூட்டை கட்டினால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். சுரூபங்களைத் தனித்தனியாகப் பழைய துணியில் சுற்றி, டிரைவர் தம்பி வீட்டில் ஒன்றும் குறையாமல் ஒப்படை.

ஒயர்மேன்_முருகன்குறிச்சி:
சீரியல் செட்டைச் சுருட்டி மூட்டையாகத் திணிக்காதீர்கள். ஒவ்வொரு செட்டையும் ஒரு அட்டைத் துண்டில் சுற்றி, எரியாத செட் எது என்று மேலே எழுதி வையுங்கள்.

சிவகாசி_அச்சகம்:
புதிதாக வேண்டியதை ஜனவரி முதல் வாரத்தில் பாருங்கள். கிறிஸ்துமஸ் சரக்கைக் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். ஓலைப் பெட்டியில் ரெண்டு வசம்புத் துண்டு போட்டு வையுங்கள், பூச்சி வராது.